ராடில் வெட்டிய பெயர்

3.8.1934, வெள்ளி
காலையிலிருந்து மழை. பிரிக்பீல்ட்ஸ் பட்டறைக் கூரையில் நான்கு ஒழுகல். பந்தயம் 19-ந் தேதி. கிள்ளான் சீன முதலாளி, நம்ம தவுக்கேயின் காருக்குக் காற்றை அமுக்கி ஊதும் புளோவர் மாட்டியாயிற்று. ஓட்டப்போவது தங்கை மகன் முத்தையா. பாக்கி: கனெக்டிங் ராடு எந்த உலோகம்? பிஸ்டன் வாங்கும் அடியையெல்லாம் கிராங்குக்குக் கடத்தும் தண்டு அது. முறிந்தால் எஞ்சினைக் கிழித்து வெளியே வரும், ஓட்டுபவன் கால் பக்கம்.

தவுக்கே: "அலுமினியம் போடு லா! லேசு!"

லேசுதான். புளோவர் சூட்டில் சீக்கிரம் களைத்துவிடும். நிக்கல் எஃகு என்று தீர்ப்பளித்தேன். மலாய் நாடே எழுந்து நின்று கேட்டது.

7.8., செவ்வாய்
ராடு ஐந்து வந்தன. எஞ்சினுக்கு நான்கு, கைவசம் ஒன்று. நானே பாலிஷ். அதில் முகம் பார்த்துச் சவரமும் ஆயிற்று. இவ்வளவு அழகு பெயரில்லாமல் போகலாமா? கல்யாணக் குடத்தில் பேர் வெட்டுவதுபோல், மாட்டுமுன் நான்கிலும் உளியால் என் முதலெழுத்துகள் "வே.க." வெட்டினேன்.

11.8., சனி
வெயில். கிள்ளான் வரை வெள்ளோட்டம். வழியில் எருமைகள் சல்யூட். திரும்பியதும் ராடுகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, மேலே சாக்குக்கட்டிப் பொடி பூச வேண்டும். விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடு காட்டும். சாக்குக்கட்டி கூரை ஒழுகலில் கரைந்துபோயிற்று. பதிலுக்குத் தங்கை செல்லத்தின் திருநீறு.

"அண்ணே, சாமி சாமான இதுல ஏன் பூசுற?"

"உன் மகன் ஏறுற வண்டி. எஃகுக்கும் பக்தி வேணும்மா."

மூன்று சுத்தம். நான்காவதில் மயிரிழைக் கருங்கோடு. "வே"யின் வாலில் தொடக்கம். உலோகம் சரி. நான் வெட்டிய பள்ளத்தில் பாரம் குவிந்து பிளந்திருக்கிறது.

12.8., ஞாயிறு
சொல்லாமல் மாற்றிவிடலாமா? ஒரு மணி நேர யோசனை. சொன்னேன்.

முத்தையா: "உங்க பேரத் தாங்க எஃகுக்கே முடியல மாமா!" சிரித்து ஓய்ந்து, மெதுவாக: "அப்ப நான் ஏறலாமா?"

"மத்த மூணுலயும் பேரு மறையிற வரைக்கும் ராவுறேன். அப்புறம் ஏறு."

16.8., வியாழன்
அரம், எமரித் தாள், தராசு. கைவசம் இருந்ததும் சேர்த்து நான்கும் ஒரே எடை. மறுபடி ஓட்டம், மறுபடி திருநீறு. கோடில்லை. இந்த வார்த்தை எழுத நான்கு நாள்.

19.8., ஞாயிறு
இரண்டாம் இடம். முதலில் வந்தவன் என்னைப் பார்த்து நடுங்கியது நிச்சயம். முத்தையாவுக்கு முகமெல்லாம் எண்ணெய், பல் மட்டும் வெள்ளை. செல்லம் அவன் காலையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

தவுக்கே: "எஞ்சின் கட்டின ஆள் பேர் எங்கே லா?"

முத்தையா பெயின்ட் டப்பாவை நீட்டினான். பானெட்டில் ஓர் அடி உயரத்துக்கு எழுதினேன்.