தகுதியில்லாத கம்ப்யூட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

போன ஞாயிறு பேச்சின் நடுவே நான் திரையிலிருந்து மறைந்துபோனதற்கு உடம்பு காரணமில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். என் கம்ப்யூட்டரை இயக்கும் சிஸ்டம் சாஃப்ட்வேர் பழையதாம், வீடியோ கால் இனி அதில் ஓடாதாம். என் பட்டன் ஃபோனில் உங்கள் முகம் தெரியாது என்றுதானே, பாகம் பாகமாக வாங்கி நானே இதைச் சேர்த்துப் பூட்டினேன்?

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார் கடைக்காரர்.

"இதுல எது கெட்டுப்போச்சு?"

"எதுவும் கெடலை. புது சிஸ்டம் போட இதுக்குத் தகுதி இல்லை, அவ்வளவுதான்."

நன்றாக ஓடுகிற பொருளைக் குப்பை என்று சொல்ல இந்த சிஸ்டம் கம்பெனிக்காரர்கள் யார்? அறைக்கு வந்து, ஏற்றும்போது கம்ப்யூட்டருக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் படியையே தாண்டிப் புது சிஸ்டத்தை ஏற்றினேன். "இந்தக் கம்ப்யூட்டருக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று திரையில் வந்தது. இதுவரை என்ன பொறுப்பு ஏற்றுக் கிழித்தார்களாம்? சம்மதம் என்று அழுத்தினேன். ஜம்மென்று ஓடுகிறது.

ஒரே குறை, சத்தம் மட்டும் வரவில்லை. அதைச் சரிசெய்யும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் சொல்ல வேண்டியதைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். அம்மாவை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள். அவள் பாட்டுக்குப் பேசட்டும், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் பெரியவள்