யார்கூடச் சாப்ட்டீங்க?

அடியே, மானம் போன கதையை முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நேற்று கிள்ளானில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஒரு பெண் பன்னீர் தெளித்தாள். நான் இரு கைகளையும் ஏந்தி வாங்கி, விரலிடுக்கு, புறங்கை, நகக்கண் என்று அக்கறையாகத் தேய்த்தேன். “ஆன்ட்டி, இது சானிடைசர் இல்ல லா!” என்றாள். பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. ரோஜா வாசத்துக்கு நடுவே உன் ஞாபகம் வந்தது.

கொரோனா காலத்தில் சுகாதார அலுவலக வேலை உனக்கு. பாதி நாள் வீட்டிலிருந்தே, தொற்று வந்தவர்களைப் போனை ஸ்பீக்கரில் போட்டு விசாரிப்பாய். பூச்சோங்கில் நம் வீடுகளுக்கு நடுவே இடுப்புயர வேலிதான். ஒட்டுக்கேட்க எனக்கு அது போதும்.

“நான் எங்கியும் போகல லா. மாஸ்க்கக் கழட்டவே இல்ல,” என்பார் யாரோ ஓர் அங்கிள்.

“சரி அங்கிள். சாப்பாடெல்லாம் எப்படி? யார்கூடச் சாப்ட்டீங்க?”

“மச்சினன் வீட்டுல மட்டன் பெரட்டல்மா. காஜாங்லேர்ந்து சம்பந்திகூட வந்திருந்தாரு...”

பேர் பேராகக் கொட்டும். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவாய். “மாஸ்க்கப் பத்திக் கேட்டா எல்லாரும் சாமியார்தான்டி. மாஸ்க்க மாட்டிக்கிட்டுச் சோறு திங்க முடியுமா?”

ஊர்வம்பிலேயே வளர்ந்தவள் நான். நம் தொழிலுக்கு அரசாங்கச் சம்பளமா என்று வயிறெரிந்தேன்.

பிறகு உனக்கே வந்தது. வார்டிலிருந்து ஒரே ஒரு தடவை கூப்பிட்டாய்.

“யார்கூடடி சாப்ட்ட?” என்றேன், கிண்டலாக.

சிரிக்கப்போய் இருமினாய். மூச்சு வாங்க வாங்க, “நீயே கண்டுபிடிச்சுச் சொல்லு,” என்றாய். அடுத்த போன் உன் தம்பியிடமிருந்து. ஆஸ்பத்திரியில் கடைசியாக உன் முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

தேடாத இடமில்லை. உன் தம்பியின் மாமனார் வீட்டு விருந்துதான் காரணம் என்று பிரிக்ஃபீல்ட்ஸ் வரை பரப்பினேன். அவர்கள் இன்றும் என்னோடு பேசுவதில்லை. எந்த விசேஷத்திலும் எனக்கு ருசி தெரிவதில்லை. யார் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார், எந்த ஜன்னல் சாத்தியிருக்கிறது என்றுதான் கண் போகும். நீ விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான். கண்டுபிடித்தால் நீ எழுந்து வரவா போகிறாய்? தெரிந்தும் விட முடியவில்லை.

நேற்று பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் உன்னோடு வேலை பார்த்தவராம். இலையில் சோறு விழுமுன்னே கேட்டுவிட்டேன்.

“அவங்களா?” என்றார். “யார்கூடயும் சாப்பிட மாட்டாங்களே. அந்த வருஷம் பூரா கார் கண்ணாடிய ஏத்திட்டு, தனியாத்தான் சாப்ட்டாங்க.”