ஷேரு தின்ற அதிரசம்

ட்ராசா, பிஜி,
ஞாயிறு இரவு

அன்புள்ள ரஞ்சீதாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்கும் வேண்டாம், அவர்கள் உடனே என் அம்மாவுக்கு எழுதிவிடுவார்கள். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. தபாலில் கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். இந்தியில் எழுதினால் சதேந்திரா அண்ணனே எடுத்துப் படித்துவிடுவான். நம் தமிழ்ச் சங்கப் பள்ளியில் கடைசிவரை தமிழ் வகுப்பில் உட்கார்ந்திருந்தது நாம் இருவர்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். உன் ஷேரு சாகக் கிடக்கிறான். காரணம் நான்.

ஜூலையில் நீங்கள் ஆக்லாந்துக்குப் போன பிறகு அவன் பத்து நாள் உங்கள் வீட்டுப் படியை விட்டு நகரவில்லை. பிறகு பசி தாங்காமல் எங்கள் வீட்டுக்கு வந்தான். போன மாதம் ராணுவம் இரண்டாம் முறை ஆட்சியைப் பிடித்ததும் எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு இந்தியக் குடும்பங்கள் நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டன. ஒரு ராத்திரி யாரோ எங்கள் தகரக் கூரையில் கல் எறிந்தார்கள். ஷேருதான் கரும்புக்குள் பாய்ந்து அவர்களை விரட்டினான். அன்றிலிருந்து அப்பா தன் தட்டிலிருந்தே அவனுக்குச் சோறு எடுத்து வைக்கிறார். நாயைத் தொட்டால் குளித்துவிட்டு வா என்று சொல்கிற அப்பா.

வியாழக்கிழமை தீபாவளி. வெளியே ஒரு விளக்குகூட வைக்கக்கூடாது, வெளிச்சம் தெரிந்தால் கல் விழும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஜன்னல்களில் போர்வை கட்டி, எல்லா விளக்கையும் உள்ளே தரையில் ஏற்றினோம். தூரத்தில் யாராவது பட்டாசு வெடித்தால் ஷேரு மிரண்டு ரோட்டுக்கு ஓடிவிடுவான் என்று அவனையும் உள்ளே சேர்த்துக்கொண்டோம். வீட்டுக்குள் இருந்து பழக்கமில்லாதவன். சாயங்காலம் முழுக்க நான் அவன் பின்னாலேயே அலைந்தேன். வாலால் விளக்கைத் தட்டப் போனான், பிடித்து இழுத்தேன். எண்ணெயை நக்கப் போனான், கிண்ணத்தை அலமாரி மேல் வைத்தேன். கொசுவர்த்தி, ஊதுபத்தி, மண்ணெண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் உயரத்தில் ஏற்றினேன். நாய்க்கு ஆயா வேலை கிடைத்துவிட்டது என்று அண்ணன் கேலி செய்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நான் மறந்தது ஒரே ஒரு தட்டு.

அம்மா புதன்கிழமை அதிரசம் சுட்டார்கள். கைப்பழக்கத்தில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு தட்டு எடுத்து வைத்து, மேலே துணியும் மூடிவிட்டார்கள். யார் வீட்டுக்கு என்று நான் கேட்ட பிறகுதான் அவர்களுக்கே உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. மறுநாள் காலை, உங்கள் காலி வீட்டு எலியெல்லாம் நம் அரிசி மூட்டைக்கு வந்துவிட்டது, எதிலாவது எலி மருந்தைக் கலந்து வை என்று அம்மா சொன்னார்கள். எதில் என்று சொல்லவில்லை. நான் அந்தத் தட்டை எடுத்தேன். நான்கு அதிரசத்தையும் பிட்டு, நீல மருந்தைத் தூவிப் பிசைந்து, தட்டோடு அரிசி மூட்டைக்கு அடியில் பலகைச் சந்தில் தள்ளினேன். ராத்திரி நாய் உள்ளே வரும் என்று அப்போது தெரியாது. வந்த பிறகு தட்டின் நினைவே வரவில்லை. நாங்கள் கண்ணை மூடிச் சாமி கும்பிட்ட நேரத்தில் அவன் சமையலறைக்குப் போயிருக்க வேண்டும். அதிரசம் என்றால் அவனுக்கு உயிர். பழக்கியது நீ.

வெள்ளிக்கிழமை காலை தட்டு சமையலறை நடுவில் கிடந்தது, வழித்து நக்கியிருந்தது. எலி தட்டை இழுத்துக்கொண்டு வராது, ரஞ்சீதா. எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனால் ஷேரு முற்றத்தில் வாலாட்டிக்கொண்டு நின்றான். ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

நேற்றுச் சாயங்காலம் அவன் ஈறில் ரத்தம். இன்று காலை மூக்கிலும். கரும்புக்காட்டில் எதையோ தின்றிருப்பான், தானே சரியாகும் என்றார் அப்பா. இன்று ஞாயிறு. ராணுவத்தின் புதுச் சட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, கடை இல்லை. நாளைவரை அவன் தாங்குவானா என்று தெரியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜோனே மாமாவை உனக்கு நினைவிருக்கும். லௌடோகாவில் மிருக டாக்டரிடம் வேலை செய்கிறவர், உங்கள் அப்பாவோடு உட்கார்ந்து யங்கோனா வேர்ச்சாறு குடிப்பாரே, அவர்தான். மே மாதம் ராணுவம் முதல் முறை ஆட்சியைப் பிடித்ததிலிருந்து அப்பா அவரோடு பேசுவதில்லை. அவர் பிஜியர் ஆயிற்றே, பிஜியர்கள் யார் வீட்டுக்கும் நாங்கள் போகக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. மதியம் விறகு பொறுக்கப் போகிறேன் என்று பொய் சொல்லி ஓடையைத் தாண்டினேன். அவர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். மருந்துப் பொட்டலத்தைக் காட்டினேன். இது ரத்தத்தை உறையவிடாத விஷம், மாற்று ஊசி டாக்டர் வீட்டில் இருக்கும், கரும்பு ரயில் பாதை வழியாக நடந்தே போய் வாங்கிவருகிறேன், திரும்ப இருட்டிவிடும் என்றார். வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல் கிளம்பிவிட்டார். கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

“உன் அப்பாவிடம் சொல்லிவை, கம்லா. இருட்டில் வருவது நான் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.”

நான் இன்னும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். இனி ராத்திரியில் கதவு தட்டினால் யார் என்று கேட்டு நிற்காதே, கத்தியோடு திற என்றார். நாய் நன்றாக இருந்தவரை ஆள் வருவது தெரிந்தது, இனி நாம்தான் என்றார். ஜோனே மாமாவைப் பற்றிச் சொன்னால் ஓடையைத் தாண்டியதைச் சொல்லவேண்டும். அதைச் சொன்னால் தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

இப்போது அப்பா முன்கதவுக்குக் குறுக்கே பாய் போட்டுப் படுத்திருக்கிறார். கரும்பு வெட்டும் கத்தி தலைமாட்டில் இருக்கிறது. நான் சமையலறையில் சிம்னி விளக்கைக் குறைத்து வைத்து எழுதுகிறேன். பின்கதவின் தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். ஆனால் பின்பக்கமாக வாருங்கள் என்று ஜோனே மாமாவிடம் சொல்லத் தோன்றவில்லை. ஷேரு சாக்கின்மேல் என் காலில் தலை வைத்துப் படுத்திருக்கிறான். மூச்சு வேகமாக வருகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறான்.

ரஞ்சீதா, என்மேல் கோபப்படு, திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும். இருந்தாலும் ஷேருவுக்காகச் சாமியிடம் கேள். அதைவிட அந்த மனிதருக்காகக் கேள். அப்பாவுக்காகவும் கேள், அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருக்கிறார். அடி விழுந்தாலும் விழட்டும், அப்பாவை எழுப்பிச் சொல்லப்போகிறேன். இந்த வரியை முடித்ததும் எழுந்து போய் முதலில் அந்தக் கத்தியை

தட்டுகிறார்கள். முன்கதவு. அப்பா எழுந்துவிட்ட