சட்டையில் இருந்த வாடை

நேற்று குருபோங் கிளினிக்கில் இரத்த அழுத்தம் பார்க்க இடது கையை நீட்டினேன். பட்டையைச் சுற்ற வந்த சின்ன நர்ஸ், முழங்கைக்குக் கீழே இருந்த தழும்பைப் பார்த்துவிட்டு, "என்ன ஆண்ட்டி, நாய் கடிச்சதா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, நாய்தான்" என்றேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் அங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். வெளியே வந்ததும், "ஏண்டி பொய் சொன்ன?" என்று பஸ் ஸ்டாப் வரைக்கும் சண்டை பிடித்திருப்பாய். நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. சண்டை பிடிக்க ஆள் இல்லாமல் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

கடித்தவனை நீயும் மறந்திருக்க மாட்டாய். தொண்ணூறுகளின் நடுவில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நாம் நர்ஸாக வேலை பார்த்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரி. வெள்ளிக்கிழமை மத்தியானம். டாக்டர் தொழுகைக்குப் போயிருந்தார். தோட்டத்து லோரியிலிருந்து நாலு பேர் அவனை இறக்கினார்கள். இறக்கும்போதே ஒருவனின் மூக்கை உடைத்துவிட்டான். உள்ளே வந்ததும் டிரிப் கம்பியை உதைத்துச் சாய்த்தான், அட்டெண்டன் வயிற்றில் ஒரு குத்து விட்டான். நான் அவன் மேல் குனிந்து கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டும்போது என் கையைக் கவ்விக்கொண்டான். பல் எலும்பு வரை இறங்கியது போல் இருந்தது. விடுவிக்க வழி தெரியாமல் அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். விட்ட பிறகும் இன்னொன்று அறைந்தேன். அந்த இரண்டாவது அறைக்கு என்னிடம் எந்த நியாயமும் இல்லை, நீயும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாய்.

அவன் மேல் சம்சு வாடை வீசியது. தோட்டத்தில் வளர்ந்த எனக்கு அந்த மலிவுச் சாராயத்தின் வாடை தாய்ப்பால் மாதிரி பழக்கம். அப்பா வாசலுக்கு வரும் முன்னே வாடை வரும். வாடையை வைத்தே அன்றைக்கு அம்மாவுக்குக் கையால் அடியா, பெல்ட்டால் அடியா என்று சொல்லிவிடுவேன். அதனால் அன்று நான் அவன் கண்ணைக்கூடப் பார்க்கவில்லை. "மாபோக் லா, நல்லா குடிச்சிருக்கான். தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு, என் கைக்கு மருந்து போடத் திரும்பினேன்.

பின்னால் நின்ற அவன் மனைவியும் தலையாட்டினாள். கைலியும் ஆண்பிள்ளைச் சட்டையும் போட்டு, செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள். "ஆமா மிஸ்ஸி, குடிதான். எப்பவும் இப்படித்தான்."

நீ மலாக்கா டவுனில், தெங்கேராவில் பிறந்தவள். உன் அப்பா கடைக் கணக்கர், தீபாவளிக்குக்கூட ஒரு சொட்டு தொடாதவர். குடிகாரனைப் பார்த்தால் சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிற வீடு உங்களுடையது. "டவுன் மகாராணி" என்று நான் உன்னைக் கிண்டல் செய்வேன், "தோட்டத்து வக்கீல்" என்று நீ திருப்பிக் கொடுப்பாய். குடிகாரன் எப்படித் துள்ளுவான் என்று உனக்குத் தெரியாது. தெரியாததால்தான் நீ அவனை நின்று பார்த்தாய்.

"இங்க வாயேன். ரெண்டு கையும்தானே கட்டிருக்கோம்? இடது கைய மட்டும்தான் இழுக்கறான்."

வலது கை துணி மாதிரி கிடந்தது. நீ டார்ச் அடித்தாய். இடது கண்ணின் பாவை விரிந்து, வெளிச்சத்துக்குச் சுருங்காமல் நின்றது. அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாய். நான் பதறி உன் தோளைப் பிடித்து இழுத்தேன். "வாயில வாடையே இல்லடி" என்றாய். "சட்டைதான் நாறுது." என் கையைக் கடித்த வாய் அது. அத்தனை கிட்டத்தில் இருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை.

இடது காதுக்கு மேலே முடியை விலக்கினாய். ரத்தம் இல்லை, தோல் கிழியவில்லை. விரல் அமுங்கும்படி ஒரு வீக்கம். அவளிடம் திரும்பி, "தலையில அடி பட்டுச்சா?" என்று கேட்டாய்.

"இல்ல மிஸ்ஸி" என்றாள். சொல்லும்போது உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வை எனக்குத் தெரியும். காயத்துக்கு மருந்து போடும் தோட்டத்து டிரெஸ்ஸர் "எப்படிம்மா கண்ணு வீங்குச்சு?" என்று கேட்கும்போதெல்லாம் என் அம்மா பக்கத்து வீட்டுப் பொம்பளையை அப்படித்தான் பார்ப்பாள். சொல்லிடாதே என்று அர்த்தம். அவன் மனைவியின் கழுத்தில் விரல் தடங்கள் சிவந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். எல்லாம் புரிந்தது. புரிந்தும் நான் உன்னிடம், "அவங்கதான் இல்லன்னு சொல்றாங்கல்ல, விடேன்" என்றேன்.

நீ என் சட்டையைப் பிடித்துக் கை கழுவும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"உனக்கு ஏதோ தெரியும். அந்தம்மா உன்னப் பாத்துச்சு, நீ தலையக் குனிஞ்சுக்கிட்ட."

"அவ கழுத்தப் பாத்தியா நீ? இவன் செத்தா சாகட்டும். அவளாவது உயிரோட இருப்பா."

விட்டாய் ஒரு அறை. காது விண்ணென்றது. "இதே வார்த்தைய யூனிஃபார்மக் கழட்டிப் போட்டுட்டு வந்து சொல்லு" என்றாய். "நான் கேட்டா அது சொல்லாது. நீ போய்க் கேளு."

போனேன். யார் அடித்தது என்று கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "எதால அடிச்சீங்கக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"காண்டாக் கம்பு" என்றாள். பால் வாளிகளை இரண்டு பக்கமும் மாட்டித் தோளில் சுமக்கிற கட்டை. "ஒரே ஒரு தடவதான் மிஸ்ஸி. என் கழுத்த நெரிச்சுட்டு, பால் வெட்டுற கத்திய எடுத்துக்கிட்டு மகளத் தொரத்துனான். காலையில. அப்புறம் எந்திரிச்சு நல்லாத்தான் பேசுனான், தேத்தண்ணி குடிச்சான். மத்தியானம்தான் இப்படி ஆயிட்டான்."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல. நான்தான் சம்சு போத்தல எடுத்து அவன் சட்டையில ஊத்துனேன். தோட்டத்தான் குடிச்சுட்டு வந்திருக்கான்னா ஆஸ்பத்திரியில வேற எதுவும் கேக்க மாட்டாங்கல்ல."

நாலாங்கிளாஸ்கூடத் தாண்டாத அவள், நான் என்ன நினைப்பேன் என்று வீட்டிலேயே கணக்குப் போட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. மூன்று வருஷம் படித்து நர்ஸ் பேட்ஜ் குத்திய நான் ஒரு போத்தல் சாராயத்துக்கு ஏமாந்தேன். எனக்கு வந்த கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

பிறகு நீ ஓடிய ஓட்டம் இருக்கிறதே! டாக்டருக்கு ஆள் அனுப்பினாய், ஆம்புலன்ஸைப் பின்வாசலுக்கு வரச் சொன்னாய். மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் தாளில் அடி எங்கே, எப்போது, எதனால் என்று எழுதினாய். நான் உன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, "அவள மாட்டி விட்டுடாதடி" என்று கெஞ்சினேன். நீ என் கையைத் தட்டிவிட்டு இன்னொரு தாளை எடுத்து, அவளையும் நோயாளியாகப் பதிந்தாய். கழுத்தில் எத்தனை விரல் தடம், எவ்வளவு நீளம் என்று அளந்து எழுதி, டாக்டர் வந்ததும் கையெழுத்து வாங்கினாய். போலீஸ் வந்தபோது அவளுக்குத் துணையாக நின்றது அந்த ஒரு தாள்தான்.

அவன் பிழைத்துக்கொண்டான். மண்டையைத் திறந்து உள்ளே கட்டியிருந்த ரத்தத்தை எடுத்தார்கள், வலது கை மட்டும் திரும்பவில்லை. நாலு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். கடைவாய்ப் பல் இரண்டு ஆடியது, வலது கன்னம் கறுத்திருந்தது. "அந்தக் கை போச்சுல்ல மிஸ்ஸி, இடது கையால பழகிட்டான்" என்றாள். நீ கையிலிருந்த எவர்சில்வர் தட்டைச் சுவரில் வீசினாய். நான் சும்மா இருந்திருக்கலாம். "நீ காப்பாத்துன ஆளு" என்று சொன்னேன். நீ அழுதுகொண்டே சொன்னாய்: "நாளைக்கே கொண்டாந்தாலும் அவன் தலைமுடிய விலக்கிப் பாப்பேன்டி. ஆனா இவள இன்னிக்கு அங்க திருப்பி அனுப்ப மாட்டேன்." அனுப்பவும் இல்லை. அன்று சாயங்காலமே அவளையும் மகளையும் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனாய். பிறகு குருபோங்கில் ஃபேக்டரி வேலை கிடைத்து அவர்கள் தனியாகப் போனதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை.

உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. இருபது வருஷம் ஒன்றாக டீ குடித்தும் சொல்ல வாய் வரவில்லை. அன்று கை கழுவும் அறையில் நான் சாகச் சொன்னது அவனை இல்லை, என் அப்பாவை. அப்பா அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே செத்துப்போயிருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டிருந்தால், அவன் மத்தியானமே அந்தக் கட்டிலில் கட்டிய கட்டோடு செத்திருப்பான். குடிபோதை என்று நான் எழுதியிருப்பேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், சாப்பிட்டு, நன்றாகத் தூங்கியிருப்பேன். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பயமாக இருக்கிறது.