முதல் முட்டுக்கம்பு

பசுமலை,
22.7.2025

அன்பு மாப்ள யூனுஸுக்கு, தவசி எழுதுவது.

ஆறு நாளாகப் போன் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். பெல் போகிறது, நீ எடுப்பதில்லை. வெற்றிலை லோடு வண்டி ஓட்டும் பேயாண்டிதான், "உங்க சேக்காளி சோழவந்தான்ல அவுக அக்கா வீட்டுல இருக்காரு, ஏதோ மண்டபத்துக்குக் கம்பி கட்டுறாரு"ன்னு சொன்னான். அதான் அவன் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் உன் வாயில் இருக்கிற முத்தா உதிர்ந்துவிடும்?

இங்கே ஹாலாஸ்யம் சார் புது வீட்டுத் தளத்தில், கான்கிரீட் இறுகப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறோம். காலையும் மாலையும் நானே ஏறிப் பார்க்கிறேன். அவர் சம்சாரம் அனந்தலக்ஷ்மி அம்மா தினமும் வந்து அந்தப் பால்கனியைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஐந்தடி வெளியே நீட்டியிருக்கிறதல்லவா, அங்கே ஊஞ்சல் போடப் போகிறார்களாம். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்ச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

கான்கிரீட் போட்ட அன்று எல்லாரும் பிரியாணி சாப்பிட்டோம். நீ தட்டை வாங்கி வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டாய். உடம்புக்கு ஏதுமா? உன் மகள், என் மருமகள் நுஸைபா மூன்று வருடம் நம் கட்டிடத் தொழிலாளர் சங்கத்தில் வயரிங் பயிற்சி முடித்துச் சர்டிபிகேட் வாங்குகிற நேரத்தில் நீ குதிக்க வேண்டாமா? இஞ்சி தின்ற மாதிரி முகத்தை வைத்திருந்தாய்.

பதில் போடு.

உன் மச்சான்,
தவசி

சோழவந்தான்,
25.7.2025

மச்சான் தவசிக்கு, யூனுஸ் சலாம் சொல்லி எழுதுவது.

கோபப்படாதே. காய்ச்சல். இப்போது பரவாயில்லை. இங்கே வேலை அவசரம், அதனால் கிளம்பி வந்துவிட்டேன். போனில் கூப்பிடாதே. இப்போதெல்லாம் எல்லார் போனும் பேச்சைப் பதிந்து வைக்கிறது. எழுதியே கொடு.

பால்கனிக்குக் கீழே எத்தனை முட்டுக்கம்பு நிற்கிறது? ஏழுதானே? ஒன்றும் நகரவில்லையே? மேலே, சுவரை ஒட்டினாற்போல முடி அளவுக்கு ஏதாவது விரிசல் தெரிகிறதா? தண்ணீரை வழித்துவிட்டுப் பார். முட்டும் தகரமுமாக நிற்கிற சென்ட்ரிங்கைப் பிரிக்க அவசரப்படாதே. இருபத்தெட்டு நாளும் நிற்கட்டும். முடிந்தால் அதற்கு மேலும் நிற்கட்டும்.

நுஸைபாவுக்குப் பதினொன்றாம் தேதி சங்கம் மூலமாக வேலை உத்தரவு வருகிறது. அவளுக்காக துஆ செய்.

யூனுஸ்

பசுமலை,
28.7.2025

மாப்ள,

உன் கடிதத்தைப் படித்துச் சிரிப்பதா, திட்டுவதா? இருபது வருடமாக சென்ட்ரிங் அடிக்கிறவனிடம் முட்டுக்கம்பு எத்தனை என்று கேட்கிறாய். ஏழுதான். நகரவில்லை. விரிசலும் இல்லை. சென்ட்ரிங் நிற்கும்போது எங்கேடா விரிசல் வரும்?

இன்ஜினியர் ஷ்யாம் தம்பி இருபத்தொரு நாள் போதும் என்கிறது. தகரமெல்லாம் சமயநல்லூர் சைட்டுக்குப் போகவேண்டும். ஆறாம் தேதி, புதன்கிழமை, காலை ஏழு மணிக்குப் பிரிக்கிறோம். வழக்கம்போல முதல் முட்டுக்கம்பை நான்தான் தட்டி எடுப்பேன். என் ஆட்களை முதலில் கீழே அனுப்பிவிட்டு நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்ததில்லை, உனக்கே தெரியும்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல். கான்கிரீட் ஆட்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனிப் பக்கமாகத்தான் நடந்தார்கள். நடக்க நடக்கக் கம்பி மிதிபடும். அதைக் கொக்கி போட்டுத் தூக்கிவிடத்தானே கம்பி கட்டுகிறவன் கூடவே நிற்கிறான்? பன்னிரண்டு மணிக்கு உன்னைத் தேடினேன். உன் கொக்கி மணலில் கிடந்தது. நீ இல்லை. பக்கத்தில் டீ குடிக்கப் போயிருப்பாய் என்று நினைத்தேன்.

டீ குடிக்கத்தானே போனாய்?

தவசி

சோழவந்தான்,
1.8.2025

மச்சான்,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்ததும் கிழித்துவிடு.

நான் டீ குடிக்கப் போகவில்லை. காளவாசலில் சங்கத்து ஹாலுக்குப் போய்விட்டேன். சர்டிபிகேட் கொடுப்பது மறுநாள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திடீரென்று அன்றைக்கே என்று நுஸைபா போன் செய்து, "அத்தா, நீங்க வரலேன்னா நான் மேடை ஏற மாட்டேன்"ன்னு அழுதாள். பதினொரு மணிக்குக் கிளம்பினேன். அரை மணி நேரத்தில் வந்துவிடலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை, கொக்கியை யார் கையிலும் கொடுக்கவுமில்லை. அங்கே பேச்சு மேல் பேச்சு. பயிற்சி முடித்த ஒரே பெண் என்று அவளைக் கடைசியாகக் கூப்பிட்டார்கள். செயலாளர் என்னையும் மேடையில் ஏற்றி, "நம்ம பாதுகாப்புக் குழுவுல இருக்குற யூனுஸ் அண்ணே மாதிரி கண்ணும் கருத்துமா வேலை பாக்கணும்"ன்னு சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

திரும்பி வரும்போது மணி மூன்று. பால்கனியை மட்டம் தட்டி முடித்திருந்தார்கள். யாரும் பார்க்காதபோது சுவரோரம் ஒரு துண்டுக் கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தேன். மேலே இருக்க வேண்டிய கம்பி நாலு விரலுக்குக் கீழே, தகரத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. மூன்று இடத்தில் குத்தினேன். மூன்று இடத்திலும் அதே கதைதான்.

உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தரத்தில் நிற்கிற பால்கனியைப் பிடித்திருப்பது மேல்கம்பிதான். அது கீழே போனால் கம்பி போட்டும் போடாதது மாதிரிதான். முட்டுக்கம்பை எடுத்த நிமிடமே மடங்கி விழும்.

அப்போது கான்கிரீட் ஈரம். ஒரு சத்தம் போட்டிருந்தால் வழித்துப் போட்டுச் சரிசெய்திருக்கலாம். வாயைத் திறந்தேன் மச்சான், சத்தியமாகத் திறந்தேன். நீ பிரியாணித் தட்டோடு வந்து, "நாளைக்குப் பாப்பா சர்டிபிகேட் வாங்குறால்ல மாப்ள?"ன்னு கேட்டாய். தட்டை வாங்கி வைத்துவிட்டு அப்படியே கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் நீ சுத்தியலோடு கீழே நிற்கிறாய்.

பதினொன்றாம் தேதி வரைக்கும் எதையாவது சொல்லித் தள்ளிப்போடு. உத்தரவு அவள் கைக்கு வந்ததும் நானே வந்து காலில் விழுந்து சொல்லிவிடுகிறேன். இப்போது வெளியே தெரிந்தால், வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினவன் மகள் என்று அவள் பெயரும் அடிபடும். அவளுக்குத் தெரியவே கூடாது. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த முட்டுக்கம்பில் கை வைத்துவிடாதே.

யூனுஸ்

பசுமலை,
3.8.2025

யூனுஸுக்கு,

உன் கடிதத்தை அந்தப் பால்கனி நிழலில் உட்கார்ந்துதான் பிரித்தேன். பாதியில் எழுந்து கேட்டுக்கு வெளியே போய்விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து இன்னும் ஆறு முட்டுக்கம்பு கூடுதலாகக் கொடுத்து இறுக்கினேன். கீழே யாரும் போகாதபடி கயிறு கட்டிவிட்டேன். ஷ்யாம் தம்பி ஏன் என்று கேட்டது. சும்மாதான் என்றேன். அதுதான் உனக்காக நான் சொல்கிற கடைசிப் பொய்.

ஏன்டா, போன கடிதத்தில் நான் கேட்காமல் இருந்திருந்தால் எழுதியிருப்பாயா? பதினாறு நாள் தெரிந்தே இருந்திருக்கிறாய். என் வீட்டில் சோறு தின்றவன்டா நீ.

தள்ளிப்போட முடியாது. நான் பிரிக்க மாட்டேன் என்றால் சமயநல்லூரிலிருந்து தங்கப்பாண்டியையும் அவன் ஆட்களையும் கூட்டிவந்து பிரித்துவிடுவார்கள். அவனுக்கு ரெண்டும் பெண் பிள்ளைகள்.

நுஸைபாவுக்குத் தெரியக்கூடாது என்கிறாய். அவள் நாளைக்கு மெயின் போர்டில் கை வைக்கப் போகிறவள். லைனை அணைத்துவிட்டேன் என்று ஒருத்தன் சொன்னால் அதை நம்பித்தான் வயரைத் தொடுவாள். அவன் அணைக்க மறந்துவிட்டு, மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? யோசித்துப் பார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஹாலாஸ்யம் சார் சைட்டுக்கு வருவார். வந்து உன் வாயால் சொல். ஐந்தரைக்குள் வரவில்லையென்றால் நான் சொல்லிவிடுவேன். கடிதத்தைக் கிழிக்கவில்லை.

தவசி

சோழவந்தான்,
5.8.2025, காலை

மச்சான்,

பதினொரு மணி பஸ்ஸில் வாரேன். பேயாண்டி முன்னால் வருவதால் இதை அவனிடம் கொடுக்கிறேன். நேற்று நுஸைபாவை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "நான்தானே உங்களைக் கூப்பிட்டேன், நானும் வாரேன் அத்தா"ன்னு சொன்னாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை.

நாங்கள் வருவதற்குள் யாரும் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள்.

யூனுஸ்

பசுமலை,
14.9.2025

மாப்ள யூனுஸுக்கு,

நாற்பது நாளாக ஒரே சைட்டில் இருக்கிறோம். உன்னிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் கை நீட்டிவிடுவேனோ என்று பயம். அதனால்தான் எழுதுகிறேன். பேயாண்டியைத் தேடவில்லை, உன் சாப்பாட்டுப் பையிலேயே வைக்கிறேன்.

நடந்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சார் முன்னால் நீ அழுதாய். அவர் பால்கனியை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இடிச்சிட்டுத் திரும்பக் கட்டுங்க"ன்னார். அனந்தலக்ஷ்மி அம்மா மட்டும் இன்றுவரை உன்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பால் காய்ச்சுவதை ஐப்பசிக்குத் தள்ளிவிட்டார்கள். சங்கம் உன்னைப் பாதுகாப்புக் குழுவிலிருந்து எடுத்துவிட்டது. நுஸைபாவின் உத்தரவும் ஒரு மாதம் தள்ளித்தான் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார்கள். இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு குறை சொல்லவில்லை.

நீயே பால்கனியை உடைத்தாய். கம்பி தகரத்தோடு ஒட்டிக் கிடந்ததை எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாய். ஷ்யாம் தம்பிக்கு வியர்த்துவிட்டது. புதிதாகக் கம்பி கட்டினாய். போன மாதம் இருபதாம் தேதி கான்கிரீட் போட்டபோது காலையிலிருந்து கடைசிச் சட்டி வரைக்கும் கொக்கியோடு அந்த இடத்தை விட்டு நகரவில்லை, தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை. பார்த்தேன்.

பார்த்தும் மனசு ஆறவில்லை மாப்ள. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நீ கம்பி மிதிபட விட்டதற்குக் கோபமில்லை. மகள் அழுதால் நானும் ஓடியிருப்பேன். தெரிந்த பிறகு நீ என்னிடம் வராமல் சோழவந்தானுக்குப் போனாய் பார், அங்கேதான் மனசு நின்றுவிட்டது.

வருகிற புதன்கிழமை இருபத்தெட்டாவது நாள். காலை ஏழு மணிக்குப் பிரிக்கிறோம். நேற்று என் சம்சாரம், "வேற ஆளை விட்டுத் தட்டச் சொல்லுங்க, நீங்க போகாதீங்க"ன்னு கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் தூக்கம் வருவதில்லை. ஆனால் நாம் கட்டியதன் கீழே நாமே நிற்கப் பயந்தால், அந்த அம்மாவை அங்கே எப்படி ஊஞ்சல் ஆட விடுவது?

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்தத் தடவை முதல் முட்டுக்கம்பை நீ தட்டு. சுத்தியலை நான் கொண்டு வருகிறேன். நீ தட்டும்போது நான் உன் பக்கத்தில், பால்கனிக்கு நேர் கீழேதான் நிற்பேன். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நிற்பேன்.

தவசி