குறைந்த சீட்டுதான் நிற்கும்

இன்று காலை வங்கியில் பத்து ரூபாய்ப் புதுக்கட்டு ஒன்று கொடுத்தார்கள். கையில் வாங்கியதுமே அந்த வாசனை வந்துவிட்டது. மேலே இருந்த நோட்டை உருவி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். பின்னால் நின்றவர், "கள்ள நோட்டாம்மா?" என்று பதறிப்போய்க் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் இத்தனை வருஷமாகியும் என் கை உன் பேச்சைத்தான் கேட்கிறது.

ஓசூர் மூக்கண்டப்பள்ளிக் கம்பெனியில் நாம் எதிரெதிரே உட்கார்ந்து பித்தளைத் துண்டுகளில் கீறல் பார்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. நான் மதுரைப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரரோடு பிழைக்க வந்தவள். நீ ராயக்கோட்டைக்காரி. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், என்னோடு தமிழ். உன் அண்ணன் தக்காளி மண்டி வைத்திருந்தார். வெளி மாநில வியாபாரிகளின் பைகளிலிருந்து எப்போதாவது பழைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நோட்டுகள் அங்கே வந்து விழும். உன் சம்பளத்திலிருந்து மாற்றுப்பணம் கொடுத்து அவற்றை எடுத்து வருவாய். மற்றவர்கள் சேலைச் சீட்டு கட்டியபோது நீ நோட்டு சேர்த்தாய். உன்னோடு சேர்ந்து நானும் கெட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் இப்போதும் கண்ணுக்குள் மிதக்கின்றன. வெளியே ஓசூர்ப் பனி கலையாமல் நிற்கும். உன் வீட்டு ஜன்னலோரம் பாய் விரித்து, ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டுவோம். ஒரு நோட்டை நீ தூக்கிப் பிடித்தால், வெள்ளைப் பகுதிக்குள்ளிருந்து வாட்டர்மார்க்காக மறைந்திருக்கும் சிங்கம் மெல்ல எழுந்து வரும். நாம் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே இருப்போம். டீ ஆறிவிடும். உள்ளேயிருந்து உன் மகள், "சிங்கம் இன்னும் போகலியா?" என்று கேலி செய்வாள்.

நோட்டுக்கட்டாகச் சேர்த்து ஊக்கு அடித்ததில் விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நான் மதிப்பைக் குறைக்கப் பார்த்தபோது நீ விடவில்லை. "அது பேங்குலயே காது குத்தி அனுப்பனது புள்ள. அத கொறையா எழுதக்கூடாது" என்றாய். பெரிய நீதிபதிதான் நீ.

நமக்கென்று ஐந்து தரம் வைத்திருந்தோம்: புதுசு, ஒரு மடிப்பு, பல மடிப்பு, கசங்கல், கிழிசல். யாருடைய நோட்டாக இருந்தாலும் இருவரும் தனித்தனியாகச் சீட்டில் எழுதிப் பிறகு காட்டவேண்டும். இரண்டில் எது குறைவோ அதுவே அந்த நோட்டின் தரம். "சொந்த நோட்ட பாக்கறப்ப நம்ம கண்ணு அம்மா கண்ணு ஆயிடும். அத நம்பக்கூடாது" என்பது உன் கட்சி. ஒரே ஒரு மடிப்பு விலையில் பாதிக்கு மேல் குறைத்துவிடும் என்பதால், நம் சீட்டுகளில் நிறைய மனத்தாங்கல் இருந்தது. பொய் இருந்ததில்லை.

பொய்யை நான்தான் கொண்டுவந்தேன். உன் மகளுக்குப் பெங்களூரில் இன்ஜினியரிங் இடம் கிடைத்த வருஷம். உன்னிடமிருந்த அந்தப் பெரிய பழைய நூறு ரூபாய் நோட்டை விற்றுச் சேர்த்துவிடலாம் என்றாய். வாங்குகிறவர் மறுநாள் வருவதாக இருந்தது. நோட்டைச் சாய்த்துப் பார்த்தேன். நடுவில் மை மங்கிய ஒரு கோடு. யாரோ மடிப்பின்மேல் இஸ்திரி போட்டு மறைத்திருந்தார்கள். உன் மகள் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் 'புதுசு' என்று எழுதினேன்.

உன் சீட்டில் 'ஒரு மடிப்பு' என்று இருந்தது.

"நீ பாத்துட்ட புள்ள. உன் கண்ணு நடுவுல வந்து நின்னுச்சு. நான் பாத்துனுதான இருந்தன்" என்றாய். "அத இஸ்திரி போட்டதே நான்தான். ஒண்ணுந் தெரியாத காலத்துல, புதுசா தெரியட்டுமேன்னு."

"உனக்காகத்தாண்டி எழுதுனேன்."

"எனக்காக நீ ஒண்ண கூட்டி எழுதுனா, இத்தன வருசம் நீ எழுதன சீட்டையெல்லாம் நான் எப்புடி நம்பறது?"

மறுநாள் வாங்க வந்தவரிடம் நீயே மடிப்பைக் காட்டிக் கொடுத்தாய். அவர் விலையைக் குறைத்தார். மகள் அந்த வருஷம் பெங்களூர் போகவில்லை. அடுத்த வருஷம் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே பதினைந்து நாள் என்னோடு நீ பேசவில்லை. பதினாறாம் நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, ஒரு வடையை என் பக்கம் தள்ளினாய். அதற்குப் பிறகு எந்த நோட்டுக்கும் நான் கூட்டி எழுதியதில்லை.

நீ படுக்கையில் விழுந்தபோது மகள் சென்னையில் வேலையில் இருந்தாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே உன் வீட்டுக்காரர் என்னை நிறுத்தி, "அல்சர்னு சொல்லி வெச்சிருக்கங்க. அவளுக்குத் தெரியக்கூடாது" என்றார். தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். உன் வளையல் முழங்கைவரை ஏறிக் கிடந்தது. ஜன்னலில் அதே வெள்ளை வெளிச்சம்.

காலண்டர் தாளை இரண்டாகக் கிழித்து ஒன்றை என்னிடம் நீட்டினாய். "எல்லாரும் அல்சர்ன்றாங்க. டாக்டரு கூட சிரிக்கிறாரு. என் ஒடம்பு என்ன தரம்னு நீ எழுது. நானும் எழுதறன்."

"என்னடி வெளையாட்டு இது?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

பென்சிலை எடுத்தேன். வாசலில் செய்த தலையாட்டல் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். கடைசியில் 'கிழிசல்' என்று எழுதினேன். உன் சீட்டைப் பார்த்தேன். 'பல மடிப்பு.'

இரண்டையும் நீ வாங்கி, பழக்கதோஷத்தில் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தாய். உதடு லேசாகக் கோணியது. "கொறஞ்சதுதான நிக்கும்" என்றாய். பிறகு, "எம் பொண்ண லீவு போட்டுட்டு வரச் சொல்லு புள்ள" என்றாய்.

அவள் அன்று இரவே பஸ் ஏறினாள். பதினோரு நாள் உன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினாள். சொல்லவேண்டியதையெல்லாம் அவளிடம் சொன்னாயாம். இன்றைக்கும் மாதம் தவறாமல் எனக்குப் போன் செய்கிறாள். உன் வீட்டுக்காரர் மட்டும் என்னைக் கண்டால் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

உன் சீட்டை நான் எடுத்து வைத்திருக்கிறேன். உண்மையை எழுதியதற்காக நான் வருந்தவில்லையடி. ஆனால் ஆயிரம் நோட்டு பார்த்த என் கண், அந்த ஒரு நாள் மட்டும் தப்பாகப் பார்த்திருக்கக் கூடாதா?