மாரியில் என்ன செய்வீங்க?

மச்சான்,

கோடைக் கச்சான் காற்று தொடங்கிவிட்டது. நேற்றுப் பகல் வெக்கை தாங்க முடியாமல் ஹோலில் இருக்கும் உங்கள் ஏசியைப் போட்டேன். போட்டதும் வந்ததே ஒரு மணம்! நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி வைத்து மறந்துபோனால் வருமே, அந்த மணம். உடனே உங்கள் குரல்தான் காதுக்குள் கேட்டது. "மாரியில கழுவாம உட்டா கோடையில நாறும் புள்ள, நான் சொன்னனா இல்லையா?" சொன்னீர்கள்தான். கழுவுகிற ஆள் போய்ச் சேர்ந்துவிட்டாரே, நான் என்ன செய்ய? என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

மூன்று பழைய மெஷின்களின் உறுப்புகளை எடுத்து நீங்கள் கட்டிய மெஷின் அது. ஊருக்கெல்லாம் புதுசு பூட்டினீர்கள், வீட்டுக்கு மட்டும் கலப்படம். ஆனாலும் சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்கும் குளிர்கிறது.

நான் எழுத வந்தது வேறு விஷயம். நம் மகளுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது. பொடியனுக்கு ஊர் தன்னாமுனை. என்ன தொழில் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் தொழிலேதான், ஏசி திருத்தும் பாஸ்! மகள் வேலை செய்யும் மருந்துக்கடையில் மெஷின் பழுதாகித் திருத்த வந்தவனாம். திருத்திய பிறகும் "எப்பிடி ஓடுது எண்டு பாக்க வந்தன்" என்று திரும்பத் திரும்ப வந்திருக்கிறான். எனக்கா விளங்காது? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைப் பார்க்க நீங்களும் அப்படித்தானே வந்தீர்கள், அது நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோதும்.

என் அண்ணன் ஒரேயடியாகக் குதிக்கிறார். "இந்த வீட்ட ஒரு ஏசிக்காரனுக்கா சீதனமாக் குடுக்கிற? அரசாங்க உத்தியோகமா, பென்சனா, என்ன இரிக்கி அவனுக்கிட்ட? கட்டாருக்குப் போய் நாலு காசு உழைச்சிட்டு வரட்டும், மறுகா பாப்பம்." மகள் சோறு இறங்காமல் திரிகிறாள். அவளுக்கு அவன்தான் வேண்டும். அவன் கட்டாருக்குப் போனால் இந்தப் பேச்சு அப்படியே ஆறிப்போகும் என்று பயம். "அம்மா, நீங்க சொல்லுறதுதான் முடிவு" என்று முழுப் பாரத்தையும் என் தலையில் வைத்துவிட்டாள்.

அண்ணன் சொல்வது முழுப் பொய் என்று நான் எப்படிச் சொல்ல? உங்களோடு வாழ்ந்தவள் நான். கச்சான் வீசும் மாதங்களில் உங்கள் போன் ஓயாது. ஒரு வாய் சோற்றை வைத்தால் அடுத்த வாய்க்குள் அழைப்பு வந்துவிடும். மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வேலை, முழங்கையெல்லாம் குழாய் பற்றவைத்த தீக்காயம், ஆனால் கை நிறையக் காசு. மழை இறங்கியதோ இல்லையோ, போன் செத்துப்போகும். கொட்டும் மழையில் யாருக்கு ஏசி வேண்டும்? கோடையில் நீங்கள் வாங்கித் தந்த சங்கிலி மாரியில் அடகுக்கடைக்குப் போய்விடும். சம்பளம் என்று ஒரு நாள் இல்லை, சேமலாப நிதி இல்லை, கீழே விழுந்தால் கேட்க ஒரு கம்பனிக் கந்தோர் இல்லை. அண்ணனோடு வாதாட வாயைத் திறந்தாலும் இதெல்லாம் நினைவுக்கு வந்து வாய் மூடிக்கொள்கிறது.

அப்பாவும் இதைத்தான் கேட்டார். அரசாங்கக் கச்சேரியில் பியோனாக இருந்து பென்சன் எடுத்த மனிதர், அவருக்கு மாதக் கடைசி தெரியாத தொழில் ஒரு தொழிலே இல்லை. நீங்கள் பெண் கேட்டு வந்த அன்று, உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கோடையில உழைக்கிறீங்க, சரி தம்பி. மாரியில என்ன செய்வீங்க?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று வேளாங்கண்ணி மாதாவை வேண்டிக்கொண்டிருந்தேன். நீங்களோ கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "வீச்சு வலை இரிக்கி மாமா. மாரியில வாவியில இறங்கினா மீனுக்கும் இறாலுக்கும் குறைவில்ல. உங்கட மகள் பசி கிடக்கமாட்டா." அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு தொழில் தெரிந்த மாப்பிள்ளை என்று ஒழுங்கை, தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார்.

முதல் மாரி வந்தது. தோளில் வலையைப் போட்டுக்கொண்டு பெரிய கடலோடி மாதிரிப் போனீர்கள். மத்தியானம் திரும்பி வந்த கோலத்தை நான் எப்படி மறப்பேன்! உச்சி முதல் உள்ளங்கால் வரை சேறு. வலை வாவிக்கரைக் கண்ணா மர வேரில் மாட்டி நடுவால் கிழிந்து கிடந்தது. கையில் ஒரு பிடி இறால். அதுவும் பக்கத்தில் வலை வீசிய யாரோ பாவம் பார்த்துத் தந்தது.

"உண்மையச் சொல்லுங்க, இதுக்கு முன்ன எப்பயாவது வலை வீசியிருக்கீங்களா?"

"இல்ல புள்ள. மாமா கேட்டாரு, ஏதாவது சொல்லத்தானே வேணும்!"

பொல்லாத ஆள் நீங்கள். அன்று பின்னேரம் வரை உங்களோடு பேசவில்லை. பிறகு அந்த இறாலைத் தாளிக்கும்போது சிரிப்பு வந்து, அடக்க அடக்க வயிறு நோவெடுத்தது. நீங்களும் குசினி வாசலில் நின்று அசடு வழியச் சிரித்தீர்கள். ஆனால் அடுத்த நாள் காலையில் உங்கள் முகத்தில் சிரிப்பு இல்லை. வேலை இல்லாத மனிதனின் முகம் அது, எனக்கு அழுகை வந்தது.

அந்த மாரியில்தான் சும்மா இருக்க முடியாமல் கல்லடிக் கடற்கரைப் பக்கம் நடந்து திரிந்தீர்கள். ஒரு நாள் ஓடி வந்து விரலை என் வாய்க்குள் வைத்தீர்கள். உப்பு! "பாத்தியா? வாடைக்காத்து கடல்ல இருந்து உப்ப அள்ளிக்கொண்டு வந்து வெளி மெஷினுகளில அப்புது. கூரைக்குக் கீழ இரிக்கிறதால மழையும் படாது. மாரியிலதான் புள்ள மெஷின் சாகுது. கச்சானுக்கு நாங்க பொணத்தைத்தான் தூக்குறம்!"

அதன் பிறகு மழை விட்ட நேரமெல்லாம் வாளியும் தூரிகையுமாகக் கல்லடியில் வீடு வீடாகப் போனீர்கள், நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி விடுகிறேன் என்று. "ஓடாத மெஷினுக்கு என்னத்துக்குத் தம்பி காசு?" என்று சிரித்தார்கள். முதலில் சும்மாதான் கழுவிக் கொடுத்தீர்கள். கோடை வந்தபோது கழுவிய மெஷின்கள் ஓடின, கழுவாதவை படுத்தன. அதைப் பார்த்து அடுத்த மாரிக்கு ஒரு வீடு கூப்பிட்டது, பிறகு பக்கத்து வீடு, பிறகு விருந்தினர் விடுதிகள். ஊர் மெல்ல மெல்லத்தான் பழகியது. கடைசி வருடங்களில் மாரியிலும் நம் அடுப்பில் உலை கொதித்தது, சங்கிலி என் கழுத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பொடியன் தாயோடு வந்தான். அண்ணன் உங்கள் கதிரையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார். படித்த சான்றிதழ் இருக்கிறது. கொழும்புக் கம்பனி ஒன்றும் கேட்டிருக்கிறது. "கட்டாருக்கும் கூப்பிட்டிருக்காங்க மாமா. நல்ல சம்பளம்தான். எனக்கு ஊர விட்டுப் போக விருப்பமில்ல" என்றான். அண்ணன் 'பார்த்தாயா' என்பதுபோல் என் பக்கம் திரும்பினார். மகள் கதவுக்குப் பின்னால் நின்றாள். அங்கே நின்று பழகியவள் அல்லவா நான், எனக்குத் தெரியும். அப்போது என் வாயிலிருந்து அப்பாவின் கேள்வி வந்தது.

"கோடையில உழைக்கிறீங்க, சரி தம்பி. மாரியில என்ன செய்வீங்க?"

"மாரியிலதான் மாமி எனக்கு நிலையான வேலை" என்றான் சாதாரணமாக. "கல்லடிக் கரைப் பக்கம் மழை தொடங்கினா ஆக்கள் தாங்களாவே கூப்பிடுவாங்க, வெளி மெஷின் கழுவ. எங்கட பக்கம் அப்பிடி ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. கல்லடி ஆக்களுக்கு ஏனோ அது ஒரு பழக்கம். என்னைப் போல கொஞ்சப் பொடியனுகள் அதிலதான் மாரியத் தள்ளுறம்."

ஏனோ அது ஒரு பழக்கமாம், மச்சான்! அண்ணன் காலைக் கீழே போட்டார். உங்கள் வாளியைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் ஒன்று கேட்டேன். "வீச்சு வலை வீசத் தெரியுமா தம்பி?"

அவன் திகைத்துப்போய்த் தாயைப் பார்த்தான். "தெரியா மாமி. கையால தொட்டதும் இல்ல."

"அப்ப சரி" என்றேன். "கோயில்ல நாள் கேப்பம்."

கதவுக்குப் பின்னால் ஒரு விம்மல் கேட்டது. அண்ணன் மறுக்கவில்லை.

இனி உங்கள் மெஷினைக் கழுவ வீட்டுக்குள்ளேயே ஆள் இருக்கும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மாரி வரட்டும், அவனை உட்கார வைத்துச் சொல்கிறேன். வலை மட்டும் பின் விறாந்தையில் கிழிந்தபடியே தொங்குகிறது. அதைத் தைக்கவும் விடமாட்டேன், எறியவும் விடமாட்டேன். அந்தப் பொய்யைச் சொல்லித்தானே நீங்கள் எனக்குக் கிடைத்தீர்கள்.